அபராதக் கூடை

1. முதல் நாள்

ஓவர்சியராக நான் தனிப் பொறுப்பில் எடுத்த முதல் வேலைக்குச் சைக்கிளில் போய் இறங்கியபோது, அங்கே வேலை செய்ய ஓர் ஆள்கூட இல்லை. மம்பட்டி இல்லை, கூடை இல்லை. உடைந்த கண்மாய்க் கரையின் மேல் இரண்டு ஆடுகள் நின்று என்னைப் பார்த்தன. ஊர் முழுவதும் கோயிலுக்குள் இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து, பிளாக் ஆபீஸ்கள் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த காலம். ஆவூருக்குத் தெற்கே சந்தியாகுபட்டி என்ற ஊர். பேரை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஊர்ப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வாத்தியார்களாகவும் வக்கீல்களாகவும் இருக்கிறார்கள், சண்டைக்கு வந்தால் எனக்குத் தெம்பில்லை. எல்லாரும் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். அவர்களுடைய ஒரே கண்மாய் முந்தின மழையில் அறுபதடி நீளத்துக்குக் கரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தன. இன்னொரு வருஷம் இப்படிப் போனால், பாதிக் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விடும் நிலைமை.

ஏற்பாடு இதுதான்: உடைப்பை மண்ணால் அடைப்பது ஊர் பங்கு. மடை கட்டுவதும் கரைக்குக் கல் பாவுவதும் சர்க்கார் பங்கு. ஊர் தன் பங்கை முடித்துக் காட்டினால்தான் சர்க்கார் கையை நீட்டும். புதுக்கோட்டையில் எங்கள் சூப்பர்வைசர் என்னை அனுப்பும்போதே சொல்லிவிட்டார்.

"தம்பி, மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கரை மட்டத்துக்கு வரணும். வரலைன்னா கிராண்ட் லாப்ஸ். அப்பறம் அந்தக் கண்மாய் பக்கம் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஃபைலை எலிதான் பாக்கும்."

நான் போய் இறங்கியது பிப்ரவரிக் கடைசியில். கோயில் வாசலில் உபதேசியார் சவரிமுத்து நின்றார். சாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் செபமாலை, சின்ன ஆள், பெரிய குரல்.

"வாங்க ஓவர்சியரே. நவநாள் நடக்குது. ஒம்பது நாள் முடியட்டும்."

"முடிஞ்சதும் ஆள் வருவாங்களா?"

"ஆள் எதுக்குங்க? நம்ம கோயில் சந்தியாகப்பர் பாத்துக்குவாரு."

"அவருக்கு லெவல் பாக்கத் தெரியுமாங்க?" என்று கேட்டுவிட்டேன். வாய்க்கொழுப்பு. நானும் வேதக்காரன்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் பாஸ்குத் திருநாளான ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலை எட்டிப்பார்க்கிற வேதக்காரன்.

அவர் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மண்ணு சுமந்தா மோட்சம் கெடைக்கும்னா, மொதல்ல வண்டிமாடுதான் தம்பி போகும். மனுசனுக்கு விசுவாசம் வேணும்" என்றார். நான் சைக்கிளைத் திருப்பினேன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த எரிச்சலில் பாதி, அவர் சொன்னது சரியாகப் பட்டதால் வந்தது.

2. சாமியார் போட்ட கணக்கு

ஒன்பது நாள் முடிந்தது. கரை அப்படியே கிடந்தது. பத்தாம் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். அறுபதடி உடைப்பை ஒன்பது பேரை வைத்து அடைத்தால் அடுத்த மார்ச்சுக்கு முடியும். நான் கத்தினேன், கெஞ்சினேன், சர்க்கார் லெட்டரைப் படித்துக் காட்டினேன். ஒன்பது பன்னிரண்டாக ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் பங்குச் சாமியார் வந்து தங்கினார். தபசு காலம் அது, பாஸ்குக்கு முந்தின நாற்பது நோன்பு நாள். பாஸ்குக்கு முன்னால் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் பாவசங்கீர்த்தனம் செய்வது வழக்கம். சாமியாரிடம் மண்டியிட்டுக் காதோடு பாவத்தைச் சொல்ல வேண்டும். அவர் ஆண்டவர் பேரால் மன்னிப்புக் கொடுத்து, ஓர் அபராதம் சொல்வார். அபராதம் என்றால் பணமல்ல. மூன்று பரலோக மந்திரம் சொல்லு, ஒரு செபமாலை சொல்லு, இப்படி இருக்கும். சொன்னதும் சொல்லப்பட்டதும் அவர்கள் இருவரோடு போயிற்று. சாமியார் தலையே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது.

புதிதாகப் பட்டம் பெற்றவர் அந்தச் சாமியார். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருப்பார். நான் கரையில் தனியாக உட்கார்ந்து நிலம் அளக்கும் செயினைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் எத்தனை கூடை மண்ணு வேணும் தம்பி?"

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "கெடைக்கும்" என்றார்.

மறுநாள் கருக்கலில் கரையில் நாற்பது பேர் நின்றார்கள். அதற்கு அடுத்த நாள் எழுபது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடையும் சும்மாடுமாக வந்து, யாரும் யாரோடும் பேசாமல், உதடு அசைய அசையச் சுமந்தார்கள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. சாமியார் அபராதத்தை மந்திரத்தோடு நிறுத்தாமல் மண்ணிலும் போட்டிருக்கிறார். ஒருவருக்கு இருபது கூடை, ஒருவருக்கு ஐம்பது, பாவத்துக்குத் தகுந்தாற்போல.

நான் சந்தோஷத்தில் குதித்தேன். இப்படி ஒரு லேபர் ஏற்பாடு எந்த மேனுவலிலும் கிடையாது.

3. ஊர் போட்ட கணக்கு

மூன்றே நாள்தான். சாமியாருக்கு வயது போதாது, எனக்கும் போதாது. ஊரில் கண் இருக்கிறது, விரல் இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

யார் எத்தனை கூடை சுமக்கிறார்கள் என்று ஊரே எண்ணத் தொடங்கியது. இருபதில் முடித்தவர்கள் சும்மாட்டை எல்லாரும் பார்க்க உதறிவிட்டு, நிமிர்ந்து வீட்டுக்குப் போனார்கள். எண்பதைத் தாண்டியும் சுமந்தவர்கள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். "அவன் நேத்தும் சுமந்தான், இன்னைக்கும் சுமக்கிறானே, அப்படி என்னத்தைச் செஞ்சுருப்பான்?" என்று கிணற்றடியில் பேச்சு. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் நூறு கூடை சுமந்தாள் என்று அவள் மாமியார் வீட்டில் ஒரு பெரிய ரகளை. பாவம், அவள் தாய்வீட்டு நினைப்பில் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

நான்காம் நாள் கரையில் யாருமே இல்லை. கூடையைத் தொட்டாலே பாவி என்று ஆகிவிட்டது.

சாமியார் கரைக்கு வந்து வெறும் பள்ளத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "புத்திகெட்ட வேலை செஞ்சுட்டேன் தம்பி. ரகசியத்தைத் தலையில தூக்கி வச்சு ஊர்வலம் விட்டுட்டேன்" என்றார். உபதேசியார் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது அந்தோணியம்மாள் வந்தாள். ஐம்பது வயது விதவை. ஊரில் பிரசவம் என்றால் அவள்தான் போவாள், சாவு என்றாலும் அவள்தான் முதலில் போவாள். அவள் பேரில் ஒரு குறை சொல்ல ஊரில் நாக்கு கிடையாது. நேராகப் பள்ளத்தில் இறங்கி, தானே மண்ணை வெட்டிக் கூடையில் போட்டு, சுமந்துவந்து கொட்டினாள். திரும்பவும் போனாள். உச்சிப்பொழுது வரைக்கும் நிற்கவே இல்லை. கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அக்கா, ஒனக்குச் சாமி எத்தனை சொன்னாரு?"

"பத்து."

"நூத்துக்கு மேல சுமந்துட்டியே?"

"பத்துதான் எனக்கு. மிச்சம் யாருதோ. கூடையில பேரா எழுதியிருக்கு?"

அவ்வளவுதான் சொன்னாள். நான் சும்மா நின்றுகொண்டிருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கூடையை எடுத்தேன். ஓவர்சியர் மண் சுமப்பதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. சாமியார் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினார். சாயங்காலத்துக்குள் கரையில் நூறு பேர். யாருக்கு எத்தனை என்று எண்ண வழியில்லாமல், எல்லாருடைய கூடையும் எல்லாருடையதாக ஆகிவிட்டது. தெற்கே பக்கத்து ஊரில் இதே கண்மாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருந்த இந்துக்களும் வந்து, "எங்களுக்கு அபராதம் ஒண்ணும் சொல்லலீங்களே, நாங்க சும்மா சுமக்கலாமா?" என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன்.

அன்று சாமியாரிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். "மன்னிப்பு அங்கயே கொடுத்தாச்சுன்னா அப்பறம் கூடை எதுக்கு சாமி? கூடைக்குத்தான் மன்னிப்புன்னா, உபதேசியார் சொல்ற வண்டிமாடு கதைதானே?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "மன்னிப்புக்கு வெலை கெடையாது தம்பி. அது முழுசா, இனாமாக் கெடைச்சது. காய்ச்சல் விட்டவன் எந்திரிச்சு நடக்குறான். நடந்ததாலயா காய்ச்சல் விட்டுச்சு? இல்லை. ஆனா நாலு நாளா எந்திரிக்கவே இல்லைன்னா, காய்ச்சல் விட்டுருச்சுன்னு யாரு நம்புவா?"

4. மூன்று லேயர்

இனி என் கதை.

மண் கரை எழுப்புவதில் ஒரு முறை உண்டு. ஒன்பது அங்குலம் மண் பரப்பு. கட்டியை உடை. தண்ணீர் தெளி. திமிசுக் கட்டையால் ஆறு அங்குலமாக இறுகும் வரை அடி. அதன் மேல்தான் அடுத்த லேயர். திமிசு என்றால் தடித்த மரக்கட்டை. தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்குவது. இந்தக் கன்சாலிடேஷன் இல்லாவிட்டால், வெளியில் பார்க்கக் கரை அழகாக நிற்கும். உள்ளே புட்டு.

மார்ச் இருபது வாக்கில் ஊருணி வற்றத் தொடங்கியது. தெளிக்கத் தண்ணீர் தூரத்திலிருந்து வர வேண்டும். அதே வாரம் சூப்பர்வைசர் பார்க்க வருவதாகச் செய்தி. எனக்கு வேகம் காட்ட ஆசை. சின்ன வயது, முதல் வேலை, முதுகில் ஒரு தட்டு வாங்கும் ஆசை. தண்ணீரும் இல்லாமல் திமிசும் இல்லாமல் மூன்று லேயர் வெறும் மண்ணைப் பரப்பி ஏற்றிவிட்டேன். அதன் மேல் முறையாக இரண்டு லேயர். சூப்பர்வைசர் வந்தார், மேலே நடந்தார், "பரவாயில்லையே, கெட்டிக்காரன்தான்" என்றார். தட்டு கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுபதடி நீளத்துக்கு, கரையின் வயிற்றுக்குள், நான் மட்டும் அறிந்த புட்டு மண். ஐப்பசியில் தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் கசியும். கசிந்தால் பிய்க்கும். அதற்குக் கீழேதான் வயலும், அந்தோணியம்மாள் வீடும்.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி சாமியார் என்னைப் பார்த்து, "ஊரெல்லாம் வந்துட்டுப் போயாச்சு. நீங்க எப்ப வாரீங்க?" என்றார், விளையாட்டாகத்தான். நான்கு வருஷமாக நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனதில்லை. அன்றைக்குப் போனேன். ஓட்டை போட்ட பலகைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டேன். பொய், கோபம், பூசைக்குப் போகாதது என்று சில்லறையெல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு மூன்று லேயரைச் சொன்னேன்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"இதுக்கு மனஸ்தாபப்படுறீங்களா?"

"ரொம்ப சாமி."

மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார். லத்தீன் எனக்குப் புரியாது, ஆனால் அழுதுவிட்டேன். "அபராதம், மூணு பரலோக மந்திரம்" என்றார்.

"கூடை எத்தனை சாமி?"

"கூடை இல்லை. அந்த மண்ணை என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது, நான் இஞ்சினியர் இல்லை. ஒங்களுக்குத் தெரியும். ஆண்டவர் ஒங்களை மன்னிச்சுட்டாரு. அதை நம்புறீங்கன்னா, போய் ஆக வேண்டியதைப் பாருங்க."

வெளியில் வந்து மூன்று மந்திரத்தையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்கு அப்புறம் நேராகக் கரைக்குப் போய், தோண்ட வேண்டிய லேயரை எண்ணினேன்.

5. திமிசு

மறுநாள் காலை. ஆறு நாள் பாக்கி. கரை முக்கால்வாசி எழும்பியிருந்தது. ஊரே கூடையும் கையுமாக நின்றது, இன்னும் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்ற சந்தோஷத்தில். நான் மேலே ஏறி நின்றேன். சாமியார் வாயைத் திறக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது கோயிலுக்குள் தெரிந்தது. நான்தான் சொல்ல வேண்டும்.

"இதுல அஞ்சு லேயரைத் தோண்டி எடுத்துட்டு மறுபடி போடணும். மூணு லேயர் நான் திமிசு அடிக்காம ஏத்திட்டேன். தப்பு என்னோடது. ஒங்க பேர்ல இல்லை."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். அடி விழும் என்றும் நினைத்தேன். சிலர் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருவன், "ஆறு நாள்ல எப்படிங்க முடியும்?" என்றான். அந்தக் குரலில் திட்டு இல்லை, அசதி இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு உபதேசியார் சவரிமுத்து வந்தார். அன்று வரைக்கும் ஒரு கூடை தொடாதவர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். செபமாலையைக் கழற்றி மடியில் சொருகினார். என்னிடம் வந்து, "அந்த மம்பட்டியை இங்கிட்டு கொடுங்க" என்றார். வாங்கி முதல் வெட்டை அவரே வெட்டினார். கூட்டத்தைப் பார்த்து, "அவரு வாயால சொல்லிட்டாரு. நம்ம எத்தனை பேரு ஊருக்கு முன்னால சொல்லியிருக்கோம்? எறங்குங்க" என்றார்.

ஒன்றரை நாளில் ஐந்து லேயரையும் எடுத்தோம். பெண்கள் குடத்திலும் வண்டிக்காரர்கள் பீப்பாயிலும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மண் பரப்பி, நனைத்து, திமிசு அடிக்க ஆரம்பித்தபோது ஒரு தகராறு. இருபது திமிசும் இருபது நேரத்தில் விழுந்தன. ஒன்று தூக்கும்போது ஒன்று இறங்கியது. மண் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் பொங்கியது. நான் விசில் ஊதிப் பார்த்தேன், சரிப்படவில்லை.

உபதேசியார் கரையின் மேல் ஏறினார். கோயிலில் புனிதர்கள் பேரை வரிசையாக அடுக்கும் அர்ச்சியசிஷ்டவர்கள் பிரார்த்தனை சொல்வாரே, அதை எடுத்தார். அவர் ஒரு புனிதர் பேரை நீட்டிச் சொல்ல, இருபது திமிசும் மேலே போயின. ஜனங்கள் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும்போது இருபதும் ஒன்றாக விழுந்தன. தரை அதிர்ந்தது. அடுத்த பேர், அடுத்த அடி. பக்கத்து ஊர் இந்துக்களும் இரண்டாம் சுற்றில் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பிரார்த்தனையில் இருக்கிற புனிதர்கள் தீர்ந்துபோனதும், உபதேசியார் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் எத்தனையோ கரைகளில் எத்தனையோ ரோலர் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கன்சாலிடேஷன் பார்த்ததில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் சூப்பர்வைசர் ஜீப்பில் வந்தார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஆள் விட்டுக் கடப்பாரையை ஓங்கிக் குத்தச் சொன்னார். அரை அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. இன்னொரு இடம். அங்கேயும் அப்படியே. மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது.

"மடைக்கும் கல்லுக்கும் எழுதிடறேன்" என்றார். ஜீப்பில் ஏறும்போது, "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா தொலைச்சுருவேன்" என்றும் சொன்னார். முதுகில் தட்டவில்லை. எனக்கு அது தேவையாகவும் இல்லை. பின்னால் ஊர் குலவையிட்டது.

6. ஐப்பசி

மடை கட்டி, கல் பாவி முடித்தபோது ஆவணி. ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கண்மாய் கரையோடு தளும்பிக்கொண்டிருந்தது. பழைய உடைப்பு இருந்த இடத்தில் ஊரே நின்றது.

நான் பின்சரிவில் இறங்கி, அந்த மூன்று லேயர் இருந்த மட்டத்தில் அறுபதடி தூரமும் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தேன். மழை நனைத்த மேல் ஈரம் மட்டும். உள்ளிருந்து ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மேலே பார்த்துக் கையை ஆட்டினேன். அதே நேரம் வடகோடியில் கலிங்கு பாயத் தொடங்கியது. கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கல் தாண்டி வெள்ளையாக விழுந்தது. கோயில் மணி அடித்தது. ஆண்கள் தண்ணீரில் குதித்தார்கள். சாமியார் அங்கியெல்லாம் சேறாக நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

உபதேசியாருக்கு ஒரு சந்தேகம். என் தோளைப் பிடித்துக் கேட்டார்.

"ஓவர்சியரே, நீங்க படிச்சவரு. உள்ளதைச் சொல்லுங்க. இது செபத்தால நிக்கிதா, திமிசால நிக்கிதா?"

நான் யோசிப்பதற்குள் அந்தோணியம்மாள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டையும் தனியாப் பிரிச்சுப் பாக்கணும்னா கரையை ஒடைச்சுத்தான் பாக்கணும் உபதேசியாரே. ஒடைக்கவா?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். என் கீழ் வந்த இளைய ஓவர்சியர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: போட்ட மண்ணில் குறை இருப்பது உனக்குத் தெரிந்தால், மேலே இன்னொரு லேயர் போடாதே, வாயைத் திறந்து சொல்லிவிட்டுத் தோண்டு. எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பலகைக்கு முன்னால் மண்டியிட்டபோதே நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன். அதை நான் நம்பினேன் என்பது எனக்கே தெரியவந்தது, மறுநாள் காலை அந்த அறுபதடியையும் தோண்டச் சொன்னபோதுதான்.